ஒரே ஒரு தேர்வு, நான்கு பையன்கள்: எந்த ஃபார்வர்டை எடுப்பது?

2014 ஜூன் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் டிராஃப்ட் நடந்தது. அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது. ஐந்தாவது தேர்வாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி மைக்கேல் டால் கோலை எடுத்தது. உயரமான விங்கர், நல்ல ஷாட், அந்த சீசனில் கனடாவின் ஜூனியர் லீகில் 67 ஆட்டங்களில் 95 புள்ளிகள். மறுநாள் மூன்றாவது சுற்றில், 79ஆவது பெயராக, டாம்பா பே அணி பிரேடன் பாயின்ட் என்ற பையனை எடுத்தது. உயரம் ஆறடிக்கும் குறைவு. ஸ்கேட்டிங் மேல் எல்லாருக்கும் சந்தேகம்.

டால் கோல் என்எச்எல்லில் ஆடியது 112 ஆட்டங்கள், எடுத்தது 21 புள்ளிகள். பாயின்ட் 2020, 2021 இரண்டு ஆண்டும் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். கோப்பைக்காக சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப்களில் அந்த இரண்டு ஆண்டும் தலா 14 கோல். 2022-23 சீசனில் 51 கோல்.

ஐந்தாவது இடத்தில் டால் கோலைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய், குளிர்ந்த அரங்கங்களில் உட்கார்ந்து பையன்களைப் பார்த்தவர்கள்தான். அப்படியும் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? இந்தக் கேள்வி என்னைப் பல வருடமாக விடவில்லை. அதனால் ஒவ்வொரு டிராஃப்டுக்கு முன்னாலும் இளம் ஃபார்வர்டுகளின் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பிறகு அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்தொடர்வது என் வழக்கமாகிவிட்டது. அதில் எனக்குப் பட்டதை ஒரு முடிவெடுக்கும் வேலையாகவே வைத்து எழுதுகிறேன். உங்கள் அணிக்கு ஒரே ஒரு தேர்வு இருக்கிறது. எதிரில் நான்கு பையன்கள். ஒருவன் வேகக்காரன். ஒருவன் சுடுகிறவன். ஒருவன் பலசாலி. ஒருவன் ஆட்டத்தைப் படிக்கிறவன். யாரை எடுப்பீர்கள்?

புல்தரை ஹாக்கி மட்டும் பார்த்தவர்களுக்காக நாலு வரி. பனித்தளத்தில் ஒரு அணிக்கு கோலியைத் தவிர ஐந்து பேர். அதில் மூன்று பேர் தாக்கி ஆடும் ஃபார்வர்டுகள், நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். மற்ற இருவர் தடுத்து ஆடும் டிஃபென்ஸ்மேன்கள். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு, எடை சுமார் 170 கிராம். ஒருவர் தளத்தில் இருப்பது ஒரு நடைக்கு ஏறக்குறைய 45 நொடி. அதை ஷிஃப்ட் என்பார்கள். கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்குப் பாஸ் கொடுத்தால், அதாவது அசிஸ்டுக்கு, ஒரு புள்ளி. டிராஃப்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பையன்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எல்லாரும் முதலில் தொடுவது அதைத்தான்.

சிட்னி கிராஸ்பி டிராஃப்டுக்கு முந்தைய ஜூனியர் சீசனில் 62 ஆட்டங்களில் 168 புள்ளிகள் எடுத்தார். கானர் மெக்டேவிட் 47இல் 120. கானர் பெடார்ட் 57இல் 143. மூவருமே ஆட்டத்துக்கு இரண்டரைக்கு மேல். இப்படி ஒரு பையன் வந்து நின்றால் யோசிக்க அதிகம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த உயரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1992-93இல் அலெக்ஸாண்டர் டெய்ல் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் எடுத்தார். அதுவும் இரண்டரைக்கு மேல்தான். 1993இல் ஆட்டவா அவரை முதல் ஆளாக எடுத்தது. 616 என்எச்எல் ஆட்டங்களில் அவர் சேர்த்தது 327 புள்ளிகள். மோசமில்லைதான். ஆனால் ஒரு அணியின் தலைவிதியை மாற்றுவார் என்று எடுக்கப்பட்டவருக்கு அது போதாது. அதே டிராஃப்டில் நான்காவதாகப் போன பால் கரியா இன்று ஹாக்கியின் பெரியவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

உண்மையான சிக்கல் அதற்குக் கீழே இருக்கும் கும்பலில். 2014ஐயே எடுங்கள். சாம் ரைன்ஹார்ட் 60 ஆட்டங்களில் 105. லியோன் டிரைசைட்டில் 64இல் 105. சாம் பென்னட் 57இல் 91. டால் கோல் 67இல் 95. பாயின்ட் 72இல் 91. எல்லாருமே ஆட்டத்துக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் வரை. இந்த எண்களை மட்டும் வைத்து ஒருவர் பின்னாளில் என்எச்எல்லின் மிகச் சிறந்த வீரர் என்ற ஹார்ட் விருதை வாங்குவார், இன்னொருவர் 112 ஆட்டங்களோடு நின்றுவிடுவார் என்று சொல்லவே முடியாது.

எண்களுக்குள் இறங்கிப் பார்த்தால் கொஞ்சம் துப்பு கிடைக்கும். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம். கோலுக்கு நேர் முந்தைய பாஸ் வேறு, அதற்கும் முந்தைய பாஸ் வேறு. நடுத்தளத்தில் சும்மா தட்டிவிட்டதற்கும் ஒரு புள்ளி வந்துவிடும். ஐந்துக்கு நாலு என்று ஆள் கூடுதலாக இருக்கும் பவர் பிளேயில் வந்த புள்ளிகள் எத்தனை, சம ஆட்களோடு ஆடும்போது வந்தவை எத்தனை என்று பிரிக்க வேண்டும். பக்கத்தில் ஆடியவன் யார் என்பதும் முக்கியம். அப்புறம் எந்த லீக் என்பது. சொந்த வயதுப் பையன்களோடு ஜூனியரில் ஆடுவதும், பின்லாந்தின் முதல்நிலை லீகில் முப்பது வயது ஆண்களோடு ஆடுவதும் ஒன்றல்ல. அலெக்ஸாண்டர் பார்கோவ் பதினேழு வயதில் அங்கே 53 ஆட்டங்களில் 48 புள்ளிகள் எடுத்தார். ஜூனியரில் நூறு எடுப்பதைவிட இதை நான் பெரிதாக மதிப்பேன். அந்த பார்கோவ் தலைமையில்தான் ஃப்ளோரிடா 2024, 2025 கோப்பைகளை வென்றது.

பிறந்த நாளையும் பார்க்க வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் முன்னால் பிறந்திருந்தால் 2015 டிராஃப்டில் வந்திருப்பார். அந்த இரண்டு நாளால் 2016க்குத் தள்ளிப்போய், தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது இளையவர்களோடு ஒப்பிடப்பட்டார். பதினேழு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உடம்பிலும் ஆட்டத்திலும் பெரிய வித்தியாசம். மேத்யூஸ் அந்தச் சலுகை இல்லாமலேயே பெரிய ஆட்டக்காரர், அது வேறு விஷயம். ஆனால் நடுத்தரமான ஒரு பையனின் எண்கள் நன்றாகத் தெரிவதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

சரி, எண்களை மூடிவைத்துவிட்டுப் பையன்களிடம் வருவோம். நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவனிடம் இல்லாததைப் பிறகு உண்டாக்க முடியுமா?

பலசாலியைப் பற்றிப் பேச அதிக நேரம் வேண்டாம். பதினேழு வயதில் ஆறடி மூன்றங்குலம், 95 கிலோ. மற்ற பையன்கள் மோதினால் அவர்கள்தான் விழுகிறார்கள். கோலுக்கு முன்னால் போய் நின்றால் யாராலும் நகர்த்த முடிவதில்லை. பார்க்க அவ்வளவு உறுதியாக இருக்கும். ஆனால் இந்த நால்வரின் சொத்துகளில் மிகச் சீக்கிரம் மதிப்பிழப்பது இதுதான். என்எச்எல்லுக்குப் போனால் எதிரில் நிற்கிற டிஃபென்ஸ்மேனும் அதே உயரம், அதே எடை. போதாததற்குப் பத்து வருட அனுபவம். பலம் பின்னால் வந்து சேரக்கூடியதும்கூட. 2014இல் டிராஃப்டுக்கு முந்தைய உடல் சோதனையில் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. அன்று அது பெரிய பேச்சு. கால்கரி அதைப் பொருட்படுத்தாமல் நான்காவதாக எடுத்தது. ஆண்டுகள் கழித்து ஃப்ளோரிடாவுக்கு மாறிய அதே பென்னட், 2025 பிளேஆஃப்களில் 15 கோல் அடித்து, தொடரின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பையை வாங்கினார். இன்று அவர் ஆட்டத்தில் எதிரணிக்குப் பயம் தருவதே அவருடைய மோதல்தான்.

வேகக்காரனிடம் நான் அவ்வளவு சுலபமாகப் பேசிவிட்டுப் போக மாட்டேன். இன்றைய என்எச்எல் வேகத்தின் மேல் நிற்கிறது. ஸ்கேட்டிங் ஒரு குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே இருந்தால் மற்ற எதுவுமே வெளியே தெரியாது. பக்கிடம் போய்ச் சேர்ந்தால்தானே திறமையைக் காட்ட முடியும்.

ஆனால் வேகம் என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. நேர்க்கோட்டில் பறப்பது ஒன்று. அதைப் பார்த்து மயங்காதீர்கள். மெக்டேவிட் நடுத்தளத்தைக் கடப்பதை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் மூன்று நாலு தள்ளு தள்ளி வேகம் பிடித்த பிறகு வழுக்கிக்கொண்டே போவார்கள். கால் நின்றிருக்கும், கை மட்டும் வேலை செய்யும். அவர் கால் நிற்பதே இல்லை. ஒரு காலை இன்னொரு காலுக்கு மேல் குறுக்காக வைத்து வைத்துப் போகும் கிராஸ்ஓவர், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் வேகம் கூடுகிறது; அதே சமயம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது எதிராளிக்குத் தெரிவதில்லை. டிஃபென்ஸ்மேனின் இடுப்பு ஒரு பக்கம் திரும்பிய அந்த நொடியில் அவர் மறுபக்கம் போயிருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் பக் ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். சின்ன வயதில் வீட்டு முன்னால் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி, ரோலர் ஸ்கேட் போட்டுக்கொண்டு அவற்றுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடிய பையன் அவர்.

அப்படியானால் வேகக்காரனிடம் கேட்க வேண்டியது, உச்ச வேகத்தில் இருக்கும்போது இவனால் யோசிக்க முடிகிறதா என்பதுதான். பலரால் முடியாது. பறந்து போய் மூலையில் மாட்டிக்கொண்டு, கோலுக்கு வெளியே எங்கேயோ சுட்டுவிட்டுத் திரும்புவார்கள். வேகத்தை மாற்றத் தெரிந்தவன் வேறு. ஒரு கணம் மெதுவாகி, எதிராளியைத் தன் பக்கம் இழுத்து, அவன் நெருங்கியதும் திறக்கிற இடத்தில் பாய்கிறவன். அவனை நான் வேகக்காரர் வரிசையிலிருந்து எடுத்து, படிக்கிறவன் வரிசையில் வைப்பேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஸ்கேட்டிங்கைத் திருத்த முடியும். பாயின்ட் கதையின் பாதி அதுதான். 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற பார்பரா அண்டர்ஹில் டாம்பா வீரர்களோடு வேலை செய்தார். உடம்பை எப்படி வைத்துக்கொள்வது, காலை எங்கே ஊன்றித் தள்ளுவது என்று அடிப்படையிலிருந்து பாயின்ட்டைப் பழக்கினார். சந்தேகத்துக்கு உரியது என்று எல்லாரும் குறித்துவைத்த ஸ்கேட்டிங்தான் பிறகு பாயின்ட்டின் பெரிய ஆயுதமானது. மந்தமானவன் எல்லாம் மின்னலாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. கணுக்காலும் முழங்காலும் நன்றாக மடங்குகிற பையனுக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஒரு படி, சிலசமயம் இரண்டு படி ஏற முடியும்.

சுடுகிறவன்தான் எனக்கு மிகக் கஷ்டமான ஒப்பீடு. கோல்தானே ஆட்டத்தின் முடிவு, அதை அடிக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு வேறு யாரை எடுப்பது?

ஒரு நல்ல ஷாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் பலம் அதில் சிறு பங்குதான் என்று தெரியும். பெடார்ட் சுடுவதைப் பாருங்கள். பக் உடம்பிலிருந்து தள்ளி வெளியே இருக்கிறது. கோலி அந்தக் கோணத்துக்குச் சரியாக நின்றுகொண்டிருக்கிறார். சுடுவதற்கு முந்தைய கணத்தில் ஸ்டிக்கின் நுனியால் பக்கைத் தன் காலை நோக்கி இழுக்கிறார். இழுத்த அதே அசைவில் ஸ்டிக் வளைந்து, நிமிர்ந்து, பக் போய்விட்டது. கோலிக்குக் கோணம் மாறிவிட்டது. ஆனால் அவர் கால் இன்னும் பழைய கோணத்தில் இருக்கிறது. தடுக்க வந்த டிஃபென்ஸ்மேனின் கால்களே திரையாகவும் ஆகிவிட்டன. இதைப் பதினேழு வயதில் ஆட்டத்துக்கு நாலு தடவை செய்கிறவன் யாரையும் கவர்ந்துவிடுவான்.

ஆனால் 2016இல் இரண்டாவதாக வின்னிபெக் எடுத்த பாட்ரிக் லைனேயை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஷாட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முதல் சீசனில் 36 கோல், இரண்டாவதில் 44. மூன்றாவது சீசனில் நவம்பர் ஒரே மாதத்தில் 18 கோல், அதில் ஒரே ஆட்டத்தில் ஐந்து. அந்த சீசன் முடிந்தபோது மொத்தம் 30. அதாவது மீதி மாதங்கள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. பிறகு அணிகள் மாறின, காயங்களும் சேர்ந்துகொண்டன. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக் அவரிடம் வந்து சேராத இரவுகளில் ஆட்டத்தில் அவர் இருப்பதே தெரியாமல் போய்விடும். அது காயத்துக்கு முன்னாலேயே தெரிந்தது.

அலெக்ஸாண்டர் ஒவெச்கினையும் சுடுகிறவர் என்றுதான் சொல்கிறோம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி 895ஆவது கோல் அடித்து வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டியவர். பவர் பிளேயில் இடது வட்டத்தில் நிற்பார், அங்கிருந்து ஒரே அடியில் சுடுவார், இது இருபது வருடமாக எல்லா அணிக்கும் தெரியும். தெரிந்தும் அவர் எப்படி அங்கே தனியாகக் கிடைக்கிறார்? அவர் நிற்பதில்லை. ஓரடி இரண்டடி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பார். பாஸ் கொடுப்பவருக்கு ஒரு சந்து தெரியும் இடத்துக்கு, அந்தச் சந்து திறக்கும் அதே நேரத்துக்கு, வந்து சேர்வார். இளம் வயதில் அவர் பக்கைத் தானே எடுத்து வந்தார், ஆட்களை மோதித் தள்ளினார். 2006 ஜனவரியில் ஃபீனிக்ஸுக்கு எதிராகத் தரையில் மல்லாந்து விழுந்துகொண்டே, கோலுக்கு முதுகைக் காட்டியபடி அடித்த கோல் அவருடைய முதல் சீசனில் வந்தது. 106 புள்ளிகள் எடுத்த சீசன் அது.

ஆகவே சுடுகிறவனைப் பார்க்கும்போது நான் கோல்களைப் பார்ப்பதில்லை. கோலுக்கு மூன்று நொடி முன்னால் அவன் எங்கே இருந்தான் என்று பார்க்கிறேன். யாரும் இல்லாத இடத்துக்குத் தானாக வந்தானா, இல்லை நல்ல சென்டர் ஒருவன் அவன் இருக்கும் இடத்தைத் தேடிக் கொடுத்தானா? முதலாமவன் 25ஆவது இடத்தில் கிடைத்தாலும் எடுக்கலாம். பாஸ்டன் 2014இல் டேவிட் பாஸ்டர்நாக்கை எடுத்தது அந்த இடத்தில்தான். 2022-23இல் அவர் அடித்தது 61 கோல்.

இப்போது நாலாவது பையன். அவனைப் பற்றிச் சொல்வது கஷ்டம், அதனால்தான் அவன் பட்டியலில் கீழே போகிறான். அவன் செய்வதை அளக்கக் கருவி கிடையாது. சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளக்கலாம். கையால் எவ்வளவு எடை தூக்குகிறான் என்று பார்க்கலாம். ஆட்டத்தைப் படிப்பதை அப்படி அளக்க முடியாது. டெட்ராய்ட் அணி பாவெல் டாட்சுக்கை 1998இல் 171ஆவதாகவும், ஹென்ரிக் செட்டர்பெர்க்கை 1999இல் 210ஆவதாகவும் எடுத்தது. டாட்சுக் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். அவர்களை எடுத்த அணியே அவ்வளவு நேரம் காத்திருந்துதானே எடுத்தது!

ஆனால் கண்ணால் பார்க்க முடியும். அதற்குப் பக்கைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். ஒரு ஷிஃப்ட் முழுக்க, 45 நொடியும், அந்தப் பையனை மட்டும் பாருங்கள். பக் எங்கேயாவது போகட்டும்.

பக் மூலையில் போய் விழுகிறது என்று வையுங்கள். அதை எடுக்க அவன் போகிறான், முதுகுக்குப் பின்னால் ஒரு டிஃபென்ஸ்மேன் துரத்தி வருகிறான். சாதாரணப் பையனின் கண் பக்கிலேயே இருக்கும். போய்ச் சேர்ந்து, பக்கைத் தொட்டு, அப்புறம்தான் தலையைத் தூக்குவான். அதற்குள் பலகைச் சுவரோடு நசுக்கப்பட்டிருப்பான். நம்முடைய பையன் போகும் வழியிலேயே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். இரண்டு எட்டு வைத்து மறுபடியும் பார்க்கிறான். முதல் பார்வையில் துரத்துகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவதில் தன் ஆள் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. பக்கைத் தொடும் முன் இடது தோளை லேசாகச் சாய்க்கிறான். துரத்துகிறவன் அதை நம்பி இடப்பக்கம் எடையைப் போடுகிறான். இவன் பக்கை வலப்பக்கம் தள்ளி, திரும்பாமலேயே கோலுக்கு முன்னால் கொடுத்துவிடுகிறான். அங்கே அவன் ஆள் அப்போதுதான் வந்து சேர்கிறான். மொத்தம் ஒன்றரை நொடி. கூட்டத்தின் கண்ணில் படுவது கடைசியாக கோல் அடித்தவன்தான்.

கிரெட்ஸ்கி சின்ன வயதில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, ஒரு தாளில் பனித்தளத்தை வரைந்து, தாளைப் பார்க்காமலேயே பக் போகும் வழியைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே போவாராம். ஆட்டம் முடிந்ததும் பார்த்தால் கோடுகள் எங்கே அதிகம் விழுந்திருக்கின்றன, எங்கே காலியாக இருக்கிறது என்று தெரியும். பெரிய உடம்பும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. கோல் வலைக்குப் பின்னால் இருக்கும் இடத்தை அவர் அலுவலகம் என்றே சொன்னார்கள். அங்கே போய் நின்றால் கோலியும் டிஃபென்ஸ்மேன்களும் பக்கைப் பார்க்கத் திரும்ப வேண்டும். திரும்பினால் முன்னால் வருகிறவனைப் பார்க்க முடியாது.

படிக்கிறவனை எடுப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜூனியரில் அவனுக்குக் கிடைத்த நேரம் மேலே கிடைக்காது. ஐரோப்பாவின் பல தளங்களில் அகலம் 30 மீட்டர், என்எச்எல்லில் 26தான். அந்த நாலு மீட்டரில் ஒரு பாஸுக்கான நேரம் போய்விடும். யோசனை சரியாக இருந்து கால் போய்ச் சேராவிட்டால், அவன் செய்ய நினைத்ததை எதிரணி முறித்துவிடும். டிரைசைட்டில் மூன்றாவது ஆளாக எட்மன்டனுக்குப் போனபோது முதல் 37 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 9 புள்ளிகள். மந்தம் என்றார்கள். நடுவிலேயே ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் அங்கே கெலோனா அணியோடு லீகை வென்று, கனடாவின் ஜூனியர் சாம்பியனைத் தீர்மானிக்கும் மெமோரியல் கோப்பைத் தொடரின் சிறந்த வீரராகவும் ஆனார். தொடரின் இறுதியாட்டத்தில் கெலோனாவைத் தோற்கடித்த ஓஷாவா அணியில் டால் கோல் இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். அந்த நாளில் பார்த்தவர்களுக்கு இருவரும் சமமாகத் தெரிந்திருக்கலாம். 2019-20இல் டிரைசைட்டில் 71 ஆட்டங்களில் 110 புள்ளிகளோடு ஹார்ட் விருது வாங்கினார். 2024-25இல் 52 கோலோடு லீகிலேயே முதலிடம். கால் வேகம் ஓரளவு கூடியது. பாஸ் பார்க்கும் கண் பதினெட்டு வயதில் இருந்தது போலவேதான் இருக்கிறது.

ரைன்ஹார்ட் இன்னும் மெதுவான கதை. இரண்டாவதாக எடுத்த பஃபலோவில் ஏழு வருடம், நல்ல ஆட்டக்காரர் என்ற பேர், அதற்கு மேல் இல்லை. ஃப்ளோரிடாவுக்குப் போய், 2023-24இல் 57 கோல். அந்த ஆண்டின் கோப்பையை முடிவு செய்த ஏழாவது ஆட்டத்தின் வெற்றிக் கோல் அவருடையது. 2025 இறுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் நாலு கோல். படிக்கிறவனை எடுத்த அணிக்குப் பொறுமை இல்லாவிட்டால் பலனை வேறு அணி அனுபவிக்கும்.

நேருக்கு நேர் ஒரு ஒப்பீடு வேண்டும் என்றால் 2019ஐப் பாருங்கள். முதலிடத்துக்கு இரண்டு பேர். ஜாக் ஹியூஸ், மெலிந்த பையன், தன் வயதுக்காரர்களோடு அமெரிக்க வளர்ப்புத் திட்டத்தில் ஆடியவர். காப்போ காக்கோ, திடமான உடம்பு, பின்லாந்தில் ஆண்களோடு ஆடி 22 கோல் அடித்தவர், அந்த வசந்தத்தில் பெரியவர்களின் உலகப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். ஆண்களோடு ஆடியதை நான் பெரிதாக மதிப்பேன் என்று மேலே சொன்னேன். அந்தக் கணக்குப்படி காக்கோ பக்கம் சாய வேண்டியவன்தான். பலர் சாய்ந்தார்கள். நியூ ஜெர்சி ஹியூஸை எடுத்தது. முதல் வருடம் ஹியூஸ் 61 ஆட்டங்களில் 21 புள்ளிகள், காக்கோ 66இல் 23. இரண்டு பேருமே திணறினார்கள். அந்த நேரத்தில் ஹியூஸின் ஆட்டத்தைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவன் தள்ளி விழவைக்கப்பட்டான், பக்கை இழந்தான், ஆனால் முயன்றதெல்லாம் சரியான முயற்சி. சந்து எங்கே திறக்கும் என்று சரியாகக் கண்டுகொண்டு, உடம்பு போதாமல் தோற்றான். உடம்பு வந்தது. மூன்றாவது சீசனில் 49 ஆட்டங்களில் 56 புள்ளிகள், 2022-23இல் 99. அதே சீசனில் காக்கோ 40. காக்கோ நம்பி ஆடவைக்கக்கூடிய நல்ல விங்கராக ஆகியிருக்கிறார். ஆனால் பதினெட்டு வயதிலேயே அவருடைய பலம் முழுமையாக இருந்தது. அதனால் வளர்வதற்கு மிச்சம் குறைவாக இருந்தது.

சிறு தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 உலக ஜூனியர் போட்டியில் யெஸ்ஸே புல்யுயார்வி ஏழு ஆட்டங்களில் 17 புள்ளிகள் எடுத்துத் தொடரின் சிறந்த வீரரானார், அந்தக் கோடையில் நான்காவதாகப் போனார். எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவில்லை. ஆறாவதாகப் போன மேத்யூ கச்சக் ஃப்ளோரிடாவோடு இரண்டு கோப்பை வென்றுவிட்டார். இரண்டு வாரத்தில் பார்த்ததை ஒரு வருடத்தில் பார்த்ததற்கு மேலே வைக்காதீர்கள்.

என் தேர்வு படிக்கிறவன்தான். அவன் ஸ்கேட்டிங் சராசரி என்றாலும் எடுப்பேன். சராசரிக்கும் கீழே, முழங்கால் மடங்காமல் நிமிர்ந்து ஓடுகிறவன் என்றால் எடுக்க மாட்டேன். அங்கே வேகத்தை மாற்றத் தெரிந்த வேகக்காரன் முந்துகிறான். சுடுகிறவன் தானாக இடம் தேடி வருகிறவனாக இருந்தால் அவனும் படிக்கிறவனும் எனக்குச் சமம், அப்போது யாரிடம் பக்கை எடுத்துவரும் பழக்கமும் இருக்கிறதோ அவனை எடுப்பேன். பலசாலியை, அவனிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை என்றால், முதல் சுற்றில் தொட மாட்டேன்.

பெயரைச் சொல்லும் முன் இன்னும் ஒரு ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பேன். அவன் அணி நாலுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டம். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடின் நடுப்பகுதி. அவனோடு வழக்கமாக ஆடும் நல்ல சென்டர் காயத்தில் வெளியே இருந்தால் இன்னும் நல்லது. அப்போது அவன் எதிர்முனையில் பக்கை இழக்கிறான். இழந்த இடத்திலேயே தலை குனிந்து வளைந்து வருகிறானா, இல்லை முதல் மூன்று எட்டை முழு பலத்தோடு போட்டுத் துரத்துகிறானா? துரத்தும்போதும், அந்தத் தலை ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறதா?